சின்ன விமானமும் கடற்கரையும்

(ஜீவனஹள்ளியில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் கூட்டங்களில் பென்ஷன், மெடிக்கல் இன்ஷூரன்ஸ், முழங்கால் வலி ஆகிய மூன்றையும் தாண்டி நாம் அதிகம் போவதில்லை. இந்தத் தடவை செயலாளர், "சயின்ஸ் சம்பந்தமாக ஏதாவது பேசுங்கள், ஆனால் யாருக்கும் தூக்கம் வரக்கூடாது" என்று நிபந்தனை போட்டுவிட்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். மத்திய அரசு வேலையில் பெரும்பகுதி வானிலை சம்பந்தப்பட்டது. ஹைட்ரஜன் நிரப்பிய பலூனைப் பறக்கவிட்டு, தியோடலைட் வழியாக அதைப் பார்த்துப் பார்த்து, மேலே காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவன். அந்தக் கணக்கு யாருக்குப் பயன்பட்டது? விமானிகளுக்கு. ஆகவே இன்று சின்ன விமானத்தைப் பற்றியும், அது கடற்கரைக்குப் போவதைப் பற்றியும் பேசலாம் என்று எண்ணினேன்.

ஜீவனஹள்ளிக்காரர்களுக்கு விமானம் புதிதல்ல. 2008 மே மாதம் தேவனஹள்ளி விமான நிலையம் திறக்கும்வரை, எச்.ஏ.எல். நிலையத்துக்குப் போய்வரும் விமானங்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் நாம் டி.வி. பார்த்தோம். ஆனால் அவையெல்லாம் நூறு, இருநூறு பேரை ஏற்றிச் செல்லும் பெரிய விமானங்கள். நான் சொல்வது நான்கே பேர் உட்காரும் விமானம்.

உதாரணமாக செஸ்னா 172 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் பறந்தது 1955-ல். இதுவரை 44,000-க்கு மேல் தயாரித்திருக்கிறார்கள். உலகில் எந்த மாடல் விமானமும் இத்தனை செய்யப்பட்டதில்லை. காலி எடை முக்கால் டன்னுக்குக் கொஞ்சம் அதிகம், அதாவது நம் மாருதி கார் மாதிரிதான். மூக்கில் ஒரே ஒரு இன்ஜின். வேகம் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நம் ஜக்கூர் விமான தளத்திலிருந்து புதுச்சேரி நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். காரில் போனால் ஆறு ஏழு மணி நேரம். இந்த விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடலைப் பார்த்துவிடலாம்.

விமானம் பிறந்ததே கடற்கரையில், ஒரு கூடாரத்துக்குப் பக்கத்தில் என்பது பலருக்கு நினைவிருக்காது. ரைட் சகோதரர்கள் ஒஹையோ மாநிலத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். பறந்து பார்க்க இடம் தேடியபோது அவர்கள் யாருக்குக் கடிதம் எழுதினார்கள் தெரியுமா? அமெரிக்க வானிலைத் துறைக்கு! எந்த ஊரில் காற்று பலமாகவும் சீராகவும் வீசுகிறது என்று விசாரித்து, வட கரோலினா கடலோரத்தில் கிட்டி ஹாக் என்ற மணல்மேட்டு ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1900-ல் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரு மரக் கொட்டகை போட்டுக்கொண்டு கொசுக்கடியிலும் குளிரிலும் காத்திருந்தார்கள். 1903 டிசம்பர் 17-ம் தேதி முதல் தடவை பறந்தது 12 விநாடி, 120 அடி தூரம். அதற்குப் பின்னால் மூன்று ஆண்டுகளின் காத்திருப்பு இருக்கிறது. எங்கள் துறையைக் கேட்டுத்தான் விமானமே பறந்தது என்று நான் சற்றுக் கர்வத்தோடு சொல்லிக்கொள்வதுண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். பம்பாய் ஜுஹூ விமான தளம் 1928-ல் ஏற்பட்டது. கடலை ஒட்டிய சேற்று நிலம். 1932 அக்டோபர் 15-ம் தேதி ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து பஸ் மாத் என்ற ஒற்றை இன்ஜின் விமானத்தில் தபால் மூட்டையோடு கிளம்பி, அகமதாபாத்தில் இறங்கி, ஜுஹூவுக்கு வந்து சேர்ந்தார். தபால் எடை சுமார் 25 கிலோ. அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்தன. ஜுஹூவில் கம்பெனி ஆபீஸ் என்பது ஓலை வேய்ந்த ஒரு குடிசை. அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற விமானி தபாலை பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு ஏர் இந்தியா ஆனது இந்தக் குடிசைதான்.

இதில் ஒரு விஷயத்தை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். மழைக்காலம் வந்தால் ஜுஹூ தளம் தண்ணீரில் மூழ்கிவிடும். அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? சேற்றில் இறங்கிச் சாகசம் காட்டவில்லை. மூட்டை முடிச்சோடு புனாவுக்குப் போய்விட்டார்கள். மழை ஓய்ந்ததும் திரும்பி வந்தார்கள். முதல் வருஷம் அந்தத் தபால் சேவை ஒரு தடவை கூடத் தாமதமாகவில்லை என்று அன்றைய சிவில் விமானத் துறையின் அறிக்கையே பாராட்டியது. அவசரப்பட்டுப் பறந்து வாங்கிய நற்பெயர் அல்ல அது. கடலும் மழையும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்து, முன்கூட்டியே இடம் மாறிக்கொண்டதால் வந்தது.

1935-ல் அதே கம்பெனி பம்பாயிலிருந்து கோவா, கண்ணூர் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு வாரம் ஒரு விமானம் விட்டது. மேற்குக் கரையோரமாக, கடலைப் பார்த்துக்கொண்டே பயணம். கண்ணூரில் இப்போதுள்ள பெரிய விமான நிலையம் 2018 டிசம்பரில்தான் திறந்தது. அதற்கு 83 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே சின்ன விமானம் இறங்கிவிட்டது. சின்ன விமானங்கள் போட்ட கோட்டின் மேல்தான் பெரிய விமானங்கள் வந்தன.

நம் பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. ஹெப்பாளத்தைத் தாண்டி பெல்லாரி ரோட்டில் போகிறவர்கள் ஜக்கூர் தளத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள அரசு விமானப் பயிற்சிப் பள்ளி 1948-ல் தொடங்கியது. அதை ஆரம்ப நாட்களில் நடத்தியவர் கேப்டன் வி. சுந்தரம். மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டியவர். 1949-ல் அந்தப் பள்ளியிலிருந்து முதலில் தேறியவர் யார் என்றால், அவருடைய மனைவி உஷா சுந்தரம். அன்றைக்கு நம் வீடுகளில் பெண்கள் சைக்கிள் விடுவதே அபூர்வம். 1950-களின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கம் வாங்கிய டவ் என்ற விமானத்தை, இந்தத் தம்பதி இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கு அது பெரிய சாதனை. பின்னாளில் சென்னையில் தெரு நாய்களுக்கும் மாடுகளுக்கும் அடைக்கலம் தந்த புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியதும் இதே குடும்பம்தான்.

இப்போது கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், சூத்திரம் எதுவும் எழுதப் போவதில்லை.

விமானத்தைத் தூக்குவது காற்று. காற்று அடர்த்தியாக இருந்தால் தூக்குவது எளிது. மெலிந்துவிட்டால் சிரமம். உயரம் கூடினாலும் வெயில் கூடினாலும் காற்று மெலிந்துவிடும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி. அந்த உயரத்தில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மாதம் மத்தியானம் 35 டிகிரி அடிக்கிறது. அப்போது ஜக்கூரில் நிற்கிற விமானம், தான் 6,000 அடி உயரத்தில், அதாவது குன்னூரில் நிற்பதாக நினைத்துக்கொள்ளும். கிளம்ப அதிக தூரம் ஓட வேண்டும், மெதுவாகத்தான் ஏறும். அதே விமானம் அதே வெயிலில் புதுச்சேரியில் நின்றால் 2,400 அடியில் இருப்பதாகத்தான் நினைக்கும். கடற்கரைக்குப் போனால் நமக்குப் பசி நன்றாக எடுப்பது மாதிரி, விமானத்துக்கும் அங்கே தெம்பு வருகிறது.

ஆனால் கடல் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே போக, கடல் மேலிருக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வருகிறது. இதுதான் மெரினாவில் நாம் வாங்குகிற கடற்காற்று. விமானம் எப்போதும் எதிர்காற்றில்தான் இறங்க வேண்டும். செஸ்னா மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் இறங்க வருகிறது என்று வையுங்கள். எதிர்காற்று 30 இருந்தால் தரையைத் தொடும் வேகம் 90-தான். பின்காற்று 30 என்றால் 150 ஆகிவிடும். ஓடுதளம் போதாமல் போகும். கோடையில் நம் கிழக்குக் கரையில் காலையில் நிலத்திலிருந்து வீசும் காற்று, மத்தியானத்துக்குள் அப்படியே திரும்பிக் கடலிலிருந்து வீசும். ஆகவே காலையில் ஒரு பக்கமிருந்து இறங்கிய விமானம், பிற்பகலில் எதிர்ப்பக்கமிருந்து இறங்க வேண்டி வரும். கடலோர நிலையத்தில் காற்றுப்பையைப் பார்க்காமல் இறங்குகிறவன் விமானி அல்ல. கடல் உப்பும் சும்மா இருக்காது. கரையில் நிறுத்தி வைத்த விமானத்தை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் அலுமினியத்தை அரித்துவிடும்.

ஸ்காட்லாந்தில் பாரா என்று ஒரு தீவு. அங்கே விமான நிலையத்தின் ஓடுதளமே கடற்கரை மணல்தான். கடல் ஏறி வரும்போது ஓடுதளம் தண்ணீருக்கு அடியில் போய்விடும். ஆகவே விமானத்தின் டைம்டேபிளைப் போடுவது அலைகள்தான். 1936-லிருந்து இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. அங்கே யாரும் கடலோடு வாதாடுவதில்லை.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். 2016 ஜூலையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் உள்ள எங்கள் மகன் வீட்டில் இருந்தோம். ஹில்ஸ்பரோ என்ற ஊர். நம்மவர்கள் நிறைய இருக்கிறார்கள். மகன் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டே தனியார் விமானி லைசென்ஸ் எடுத்திருந்தான். நம் ஊரில் வாடகைக்குக் கார் எடுப்பதுபோல அங்கே ஃபிளையிங் கிளப்பில் விமானம் எடுக்கலாம். கடற்கரையில் நெஹாலம் பே என்ற இடத்தில் சின்ன ஓடுதளம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம் என்றான்.

கூடாரம் என்றதும் என் மனைவி, "எழுபது வயசை நெருங்குகிறபோது மணலில் படுக்கணுமா?" என்றாள். எனக்கோ பழைய ஞாபகம். நம் காலத்தில் கலெக்டர் ஜமாபந்திக்குக் கூடாரத்தோடு போவார். அதிகாரி டூர் போனால் கடிதத்தின் தலைப்பில் "முகாம்: தஞ்சாவூர்" என்று டைப் அடிப்போம். வெள்ளைக்காரன் காம்பிங் என்று சொல்வது நமக்கு முகாம்தானே என்று சமாதானம் செய்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் மகன் எங்கள் இருவரையும் குளியலறைத் தராசில் நிறுத்தி எடை பார்த்தான். அதற்கே என் மனைவிக்குக் கோபம். பிறகு புளியோதரை டப்பா, தயிர்சாதம், ஃபிளாஸ்க், போர்வை எல்லாவற்றையும் தனித்தனியாக எடை போட்டான். நான்கு இருக்கை என்பதற்காக நான்கு பேரும் முழு டாங்க் பெட்ரோலும் ஏற்றிவிட முடியாது. ஆள் கூடினால் பெட்ரோல் குறைய வேண்டும். எவர்சில்வர் தூக்கு ஒன்று வீட்டிலேயே தங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் கிளம்பினோம். சாலையில் ஒன்றரை மணிக்கு மேல் ஆகும் தூரம் அரை மணியில் முடிந்தது. கீழே காட்டு மலைகள், பிறகு திடீரென்று நீலமாகப் பசிபிக் கடல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே மணல் திட்டு. அதில் மரங்களுக்கு நடுவே 2,350 அடி நீளத்தில் ஒரு தார் ரோடு போல ஓடுதளம். கண்ட்ரோல் டவர் இல்லை, பெட்ரோல் பங்க் இல்லை, காவலாளி இல்லை. வருகிறவர்கள் ரேடியோவில் "நான் வருகிறேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, காற்றுப்பையைப் பார்த்து இறங்க வேண்டியதுதான். அது மாநில அரசின் பூங்காவுக்குள் இருக்கிறது. விமானத்தில் வருகிறவர்களுக்கென்றே கூடாரம் போட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விமானத்தைத் தரையில் உள்ள கொக்கிகளோடு கயிற்றால் கட்டிவிட்டு, நடந்து போய்க் கடலில் கால் நனைத்தோம். இரவு விறகு நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டபோது, மணலைப் பற்றிய புகார் என் மனைவியிடமிருந்து வரவில்லை.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தால் விமானம் தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. அந்தக் கரையில் கோடைக்காலத்தில் அடிக்கடி வருவது அது. வடக்கிலிருந்து வீசும் காற்று மேல்மட்டத் தண்ணீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வரும். அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகும். பெரும்பாலும் மத்தியானத்துக்குள் விலகிவிடும். நாங்களும் காத்திருந்தோம். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. ஒரு தடவை லேசாகத் திறந்தது. ஓடுதளத்தின் மறுமுனை தெரிந்தது. இன்னொரு விமானக்காரர் ஓடிப்போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். மறுபடியும் மூடிக்கொண்டது.

எங்களுக்கு மறுநாள் திங்கட்கிழமை பெங்களூருக்கு விமானம். டிக்கெட் மாற்ற முடியாதது. பெட்டி கட்டவில்லை. ஊரில் வியாழக்கிழமை வீட்டில் ஒரு விசேஷம். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வையும் ஒரு பேச்சுத்தானே! மூன்று மணிக்கு மகன் ஒரு முடிவெடுத்தான். ஹில்ஸ்பரோவிலிருக்கும் நண்பனுக்கு போன் செய்தான். அவன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். விமானத்தைக் கட்டிய இடத்திலேயே விட்டுவிட்டு, கூடாரத்தை மடித்துக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, ரோடு வழியாக வீடு போய்ச் சேர்ந்தோம். கிளப்புக்கு அதிகப்படி வாடகை, அடுத்த வாரம் போய் விமானத்தைக் கொண்டுவரும் செலவு, எல்லாம் அவன் தலையில். காரில் வரும்போது அவன் சொன்னான்: "அப்பா, ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் இந்த இடத்தில் 'பார்த்துக்கலாம், கிளம்பு' என்று நினைப்பார்கள். அதில் சிலர் வீட்டுக்குப் போவதில்லை."

அவன் மிகைப்படுத்தவில்லை. 1999 ஜூலை 16-ம் தேதி, மறைந்த ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் கென்னடி, தன் மனைவியையும் மைத்துனியையும் ஏற்றிக்கொண்டு, நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வினியார்ட் என்ற தீவின் விமான நிலையத்துக்குச் சின்ன விமானத்தில் கிளம்பினார். மறுநாள் உறவுப் பெண்ணின் கல்யாணம். போய்ச் சேர வேண்டும். இருட்டு, கடலின் மேல் மங்கல். விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். விமானத்தில் கோளாறு ஏதும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருட்டில் திசை உணர்வு தப்பிப்போய் விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

இதற்கும் பௌதிகம் உண்டு. நம் உள்காதில் மூன்று வளைவுக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை திரும்பினால் திரவம் நகர்ந்து, மூளைக்குச் செய்தி போகும். ஆனால் மெதுவாக, தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும். நேராகப் போகிறோம் என்று காது பொய் சொல்லும். பகலில் தொடுவானத்தைப் பார்த்துக் கண் அந்தப் பொய்யைத் திருத்திவிடும். இரவிலோ பனியிலோ, கடலின் மேல் தொடுவானமே தெரியாது. கருவிகளை மட்டும் நம்பி ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர்கள் அங்கே நுழையவே கூடாது.

இந்தச் சபையில் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களாக நம் உறுப்பினர்கள் இருவர் மூவர் என்னிடம், "பேத்தி பைலட் ஆகணும் என்கிறாள், அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம் என்பது என் அபிப்பிராயம். இந்திய விமானிகளில் பெண்கள் ஏறக்குறைய 15 சதவீதம். உலகச் சராசரியைப் போல் இது இரண்டு மடங்குக்கு மேல். உஷா சுந்தரம் போட்ட பாதை வீணாகவில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கண்ணும் காதும் தகுதி பெறாவிட்டால் கட்டிய பணத்தை நினைத்து வருந்த வேண்டிவரும். வர்த்தக விமானி லைசென்ஸுக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறப்பும் வேண்டும். வேலைக்காக அல்லாமல் ஆசைக்காகப் பறக்க, தனியார் லைசென்ஸ் போதும்.

அமெரிக்காவைப் போல இங்கே ஓடுதளத்துப் பக்கத்தில் கூடாரம் போட முடியாது. நம் விமான நிலையங்களுக்குப் பாதுகாப்பு முறைகள் வேறு. ஜக்கூரிலிருந்து கடற்கரைக்குப் போவதென்றால் பறப்புத் திட்டம் தர வேண்டும், வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்க வேண்டும், போய் இறங்கும் நிலையம் எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். பெரிய விமானங்களுக்கு ஊற்றும் எரிபொருள் இதற்கு ஆகாது. அவ்காஸ் என்ற தனிப் பெட்ரோல் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தோம். 2022-ல்தான் இந்தியன் ஆயில் நம் நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. எல்லா ஊரிலும் அது கிடைக்காது. இத்தனையும் சரிசெய்துவிட்டால் புதுச்சேரி இருக்கிறது, மங்களூர் இருக்கிறது, திருச்செந்தூருக்குப் போக வாகைக்குளம் இருக்கிறது. கூடாரத்துக்குப் பதில் லாட்ஜோ சத்திரமோ. நம் முன்னோர் யாத்திரை போனதே அப்படித்தானே!

வயதானவர்களும் மனம் தளர வேண்டாம். ஜே.ஆர்.டி. டாட்டா 1982-ல், ஐம்பதாவது ஆண்டு நிறைவின்போது, தம் 78-வது வயதில், கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக ஜுஹூவுக்குப் பழைய லெபர்ட் மாத் விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தார். 2021-ல் அதே அக்டோபர் 15-ம் தேதி ஆரோஹி பண்டிட் என்ற இளம்பெண், புஜ் நகரிலிருந்து அகமதாபாத் வழியாக, ஜி.பி.எஸ். உதவியில்லாமல், ஒரு குட்டி விமானத்தில் ஜுஹூவில் வந்து இறங்கினாள். புஜ் ஓடுதளம் என்பது, 1971 யுத்தத்தில் குண்டு விழுந்து சேதமானபோது, பக்கத்துக் கிராமமான மாதாபர் பெண்கள் சேர்ந்து மூன்றே நாளில் செப்பனிட்டுக் கொடுத்த அதே ஓடுதளம்.

பேத்தியையோ பேரனையோ பறக்க அனுப்பப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விமானம் விழுந்துவிடுமோ என்று கவலைப்பட்டு சுவாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வையுங்கள், தப்பில்லை. ஆனால் அதைவிடப் பெரிய உதவி ஒன்று நம் கையில் இருக்கிறது. நாம் எல்லாவற்றுக்கும் நேரம் குறித்தவர்கள். முகூர்த்தம், சீமந்தம், திவசம், ராகுகாலத்துக்கு முன்னால், எமகண்டத்துக்குப் பின்னால். வீட்டிலிருந்து போன் போட்டு, "எங்கே இருக்கே? எல்லாரும் வந்தாச்சு, உனக்காகத்தான் காத்திண்டிருக்கோம்" என்று நாம் சொல்கிற ஒரு வார்த்தை, பனியில் நிற்கிற ஒரு பிள்ளையைக் கிளம்ப வைத்துவிடும். ஆகவே பறக்கிற பிள்ளை உள்ள வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். "வானம் சரியில்லை, வரலை" என்று அது சொன்னால், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. கல்யாணமே ஆனாலும் சரி. அட்சதையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

என் மகன் இன்றும் பறக்கிறான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் மனைவி அவனிடம், "எத்தனை மணிக்கு வருவே?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். "வந்ததும் போன் பண்ணு" என்பதோடு சரி.

காபி ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார்.